நடுத்தொலைவு ஓட்டத்தில் வேகப் பங்கீடு

நடுத்தொலைவு ஓட்டத்தில் வேகப் பங்கீடு என்பது, 800 மீட்டர், 1500 மீட்டர், ஒரு மைல் ஆகிய தடகள ஓட்டங்களில் ஓட்டவீரர் ஒருவர் தம் ஆற்றலைப் பந்தயத் தொலைவு முழுவதற்கும் பிரித்துச் செலவிடும் முறையைக் குறிக்கும். தம்முடைய முந்தைய சிறந்த நேரத்தை முறியடிக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட ஒரு நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்னும் இலக்குடன் ஓடுபவருக்கு இது இன்றியமையாதது ஆகும்.

இதிலுள்ள அடிப்படைச் சிக்கல் எளிதில் விளக்கக்கூடியது. இலக்குக்குரிய சரியான வேகம் பந்தயத்தின் தொடக்கத்தில் மிக மெதுவானதாகத் தோன்றும். அதே வேகம் முக்கால் பங்குத் தொலைவைக் கடந்தபின் தாங்க இயலாததாகத் தோன்றும். ஓடுபவரின் உணர்வு இரண்டு இடங்களிலும் அவரைத் தவறாக வழிநடத்துகிறது. எனவே சுற்று நேரங்களை முன்கூட்டியே கணக்கிட்டு, அக்கணக்கின்படி ஓடப் பழகுவதே வேகப் பங்கீட்டின் சாரம் எனலாம்.

ஓடுகளமும் சுற்றுக் கணக்கும்

வெளியரங்கத் தடகளப் போட்டிகளுக்கான ஓடுகளத்தின் ஒரு சுற்று 400 மீட்டர் ஆகும். இது முதல் தடத்தில், உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கப்படுகிறது. 800 மீட்டர் ஓட்டம் சரியாக இரண்டு சுற்றுகள். 1500 மீட்டர் ஓட்டம் மூன்றே முக்கால் சுற்றுகள். ஆகவே 1500 மீட்டர் ஓட்டம் முடிவுக் கோட்டில் தொடங்குவதில்லை. அக்கோட்டுக்கு 300 மீட்டர் முன்னதாக, முதல் வளைவு முடிந்து எதிர்ப்புற நேர்பகுதி தொடங்கும் இடத்தில் தொடங்குகிறது. மைல் ஓட்டத்தின் தொலைவு 1609.344 மீட்டர் என்பதால், அது முடிவுக் கோட்டுக்கு 9.34 மீட்டர் பின்னால் தொடங்கி நான்கு சுற்றுகள் ஓடப்படும்.

1500 மீட்டரில் ஓடுபவர் முடிவுக் கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவர் கடந்திருக்கும் தொலைவு முறையே 300, 700, 1100, 1500 மீட்டர் ஆகும். கடிகாரம் பெரும்பாலும் முடிவுக் கோட்டின் அருகிலேயே இருப்பதால், இலக்கு நேரத்தை இந்த நான்கு புள்ளிகளுக்கும் பிரித்து நினைவில் வைத்துக்கொள்வது வழக்கம். சீரான வேகத்தில் ஓடினால் கிடைக்கும் நேரங்கள் பின்வருமாறு (நிமிடம்:வினாடி):

இலக்கு 4:00 – 0:48, 1:52, 2:56, 4:00 (ஒரு சுற்று 64 வினாடி)
இலக்கு 4:30 – 0:54, 2:06, 3:18, 4:30 (ஒரு சுற்று 72 வினாடி)
இலக்கு 5:00 – 1:00, 2:20, 3:40, 5:00 (ஒரு சுற்று 80 வினாடி)
இலக்கு 5:30 – 1:06, 2:34, 4:02, 5:30 (ஒரு சுற்று 88 வினாடி)

வளைவுகளில் வெளிப்பக்கமாக ஓடுவது கூடுதல் தொலைவைச் சேர்க்கும். ஒரு சுற்றின் இரு வளைவுகளும் சேர்ந்து ஒரு முழு வட்டமாவதால், உள்விளிம்பிலிருந்து 1 மீட்டர் கூடுதலாக விலகி ஒரு முழுச் சுற்றை ஓடுபவர் 2π மீட்டர், அதாவது ஏறத்தாழ 6.28 மீட்டர் அதிகமாக ஓடுகிறார். 1500 மீட்டரை 5 நிமிடத்தில் ஓடுபவரின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர். எனவே இந்த ஒரு சுற்றில் மட்டும் அவர் சுமார் 1.26 வினாடியை இழக்கிறார். முந்திச் செல்ல விரும்புபவர்கள் நேர்பகுதி வரும்வரை காத்திருப்பதற்கு இதுவே காரணமாகும்.

உடலியல் அடிப்படை

தசைகளுக்குத் தேவையான ஆற்றல் மூன்று வழிகளில் கிடைக்கிறது. தசையில் முன்பே சேமிக்கப்பட்டுள்ள பாஸ்போகிரியேட்டின் முதல் சில வினாடிகளுக்கு உடனடியாகப் பயன்படுகிறது. ஆக்சிசன் தேவைப்படாத சர்க்கரைச் சிதைவு விரைவாக ஆற்றலைத் தருகிறது. ஆனால் அதை நீண்ட நேரம் தொடர முடியாது. ஆக்சிசனைப் பயன்படுத்தும் வழி மெதுவாகத் தொடங்கினாலும் நீடித்து நிற்கக்கூடியது. 800 மீட்டர் ஓட்டத்தில் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், 1500 மீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும் ஆக்சிசன் வழியிலேயே பெறப்படுகிறது. ஓட்டவீரரின் தகுதிக்கேற்ப இவ்விகிதம் சற்று மாறுபடும்.

ஓட்டம் தொடங்கியவுடன் உடலின் ஆக்சிசன் உள்ளெடுப்பு உச்ச அளவை எட்டிவிடுவதில்லை. அதற்கு ஒரு நிமிடம் வரை தேவைப்படலாம். இந்த இடைவெளியில் ஏற்படும் பற்றாக்குறையை மற்ற இரு வழிகளே ஈடுசெய்கின்றன. முதல் 200 மீட்டர் எளிதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்: சேமிப்பு முழுமையாக இருக்கிறது, மூச்சுத்திணறல் இன்னும் தொடங்கவில்லை. தேவைக்கு மேற்பட்ட வேகத்தில் இப்பகுதியை ஓடினால் ஆக்சிசன் இல்லா வழியின் பயன்பாடு கூடி, தசையில் அமிலத்தன்மை விரைவாக உயர்கிறது. அதன் விளைவு உடனே தெரிவதில்லை. ஒரு நிமிடத்துக்கோ இரண்டு நிமிடங்களுக்கோ பின்னர், கால்கள் கனத்து, அடியெடுப்பு குறுகும்போதுதான் தெரிகிறது. தவறு நிகழும் இடத்துக்கும் அதன் விளைவு தோன்றும் இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளியே வேகப் பங்கீட்டைக் கடினமாக்குகிறது.

காற்றின் எதிர்ப்பும் ஒரு காரணியாகும். இவ்வெதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 1971ஆம் ஆண்டு உடலியல் ஆய்வாளர் பியூ வெளியிட்ட ஆய்வில், நடுத்தொலைவு ஓட்ட வேகத்தில் மற்றொருவருக்கு 1 மீட்டர் பின்னால் ஓடுபவரின் ஆக்சிசன் தேவை ஏறத்தாழ 6.5 விழுக்காடு குறைந்தது எனக் கண்டறியப்பட்டது. முன்னணியில் ஓடுபவர் இந்தப் பயனைப் பெறுவதில்லை.

வேகப் பங்கீட்டு முறைகள்

வேகப் பங்கீட்டு முறைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

சீரான வேகம்: எல்லாச் சுற்றுகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓடுதல். 1500 மீட்டர், மைல் ஆகியவற்றில் நேர இலக்குக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் முறை இது.

முன்வேகம்: முதற்பாதியை இரண்டாம் பாதியைவிட விரைவாக ஓடுதல். 800 மீட்டரில் இதுவே பெருவழக்கு.

பின்வேகம்: முதற்பாதியை மெதுவாகவும் இரண்டாம் பாதியை விரைவாகவும் ஓடுதல். பதக்கத்துக்கான பந்தயங்களில் அடிக்கடி காணப்படுகிறது.

இறங்கி ஏறும் வேகம்: முதற்சுற்றும் இறுதிச் சுற்றும் விரைவாகவும், இடைச் சுற்றுகள் சற்று மெதுவாகவும் அமைதல்.

ராஸ் டக்கர், மைக்கேல் லாம்பர்ட், திமோத்தி நோக்ஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஆண்களுக்கான உலக சாதனை ஓட்டங்களின் சுற்று நேரங்களை ஆராய்ந்தது. 800 மீட்டரில் அவர்கள் ஆராய்ந்த 26 உலக சாதனைகளில் இரண்டில் மட்டுமே இரண்டாம் சுற்று முதற்சுற்றைவிட விரைவாக இருந்தது. மைல் ஓட்டத்தில் முதற்சுற்றும் இறுதிச் சுற்றும் இடைச் சுற்றுகளைவிடப் பொதுவாக விரைவாக இருந்தன.

800 மீட்டரில் முன்வேகத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 2012 ஆகத்து 9 அன்று இலண்டன் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கென்யாவின் டேவிட் ருடிசா 1:40.91 நேரத்தில் ஓடிய உலக சாதனை ஓட்டமாகும். அவர் முதற்சுற்றை 49.28 வினாடியிலும் இரண்டாம் சுற்றை 51.63 வினாடியிலும் ஓடினார். வேறு எவருடைய துணையும் இன்றி, தொடக்கம் முதல் இறுதிவரை அவரே முன்னணியில் ஓடினார். உலகின் மிகச் சிறந்த இந்த ஓட்டத்திலும் இரு சுற்றுகளுக்கிடையிலான வேறுபாடு 2.35 வினாடி மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது. 2 நிமிட இலக்குடைய ஒருவர் இதே பாங்கைப் பின்பற்றினால் முதற்சுற்றை 58.5 வினாடியிலும் இரண்டாம் சுற்றை 61.5 வினாடியிலும் ஓடலாம். முதற்சுற்றை 55 வினாடியில் ஓடுபவர் 5 வினாடியைச் சேமித்துக்கொண்டதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே பின்னர் இழக்கிறார்.

1954: நான்கு நிமிட மைல்

பந்தய வேகத்தைக் கடிகாரத்தைக் கொண்டு கட்டுப்படுத்தும் வழக்கம் பழமையானது. பின்லாந்தின் பாவோ நூர்மி கையில் நிறுத்தற் கடிகாரத்துடன் ஓடுவதில் புகழ்பெற்றவர். 1924 பாரிசு ஒலிம்பிக்கில் அவர் 1500 மீட்டர், 5000 மீட்டர் ஆகிய இரண்டு தங்கப் பதக்கங்களையும் ஒரே நாளில் வென்றார். இருப்பினும், வேகப் பங்கீட்டின் வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட நிகழ்வு ராஜர் பேனிஸ்டரின் நான்கு நிமிட மைல் ஆகும்.

1945இல் சுவீடனின் குண்டர் ஹேக் 4:01.4 நேரத்தில் மைல் ஓட்ட உலக சாதனையை ஏற்படுத்தியபின், எட்டு ஆண்டுகளுக்கு மேலாக எவரும் அதை மேம்படுத்தவில்லை. இங்கிலாந்தின் மருத்துவ மாணவரான பேனிஸ்டர், ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடத் திட்டமிட்டார். 440 கெசம் கொண்ட சுற்றுக்கு 60 வினாடி என்பதே இதற்கான கணக்கு. இதற்காக அவர் 440 கெசத்தை இரண்டு நிமிட இடைவெளியுடன் பத்து முறை ஓடும் பயிற்சியை மேற்கொண்டார்.

1954 மே 6 அன்று ஆக்சுபோர்டின் இஃப்லி சாலை ஓடுகளத்தில் இம்முயற்சி நடைபெற்றது. கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும் முன்னோடிகளாக ஓடினர். தொடக்கத்தில் முன்னணியில் ஓடிய பிராஷரின் வேகம் போதவில்லை எனக் கருதிய பேனிஸ்டர், விரைவாக ஓடும்படி அவரைக் கூவினார். பிராஷர் அதற்குச் செவிசாய்க்காமல் தம் வேகத்திலேயே தொடர்ந்தார். அவர்கள் முதற்சுற்றை முடித்த நேரம் 57.5 வினாடி, அதாவது தேவைப்பட்டதைவிட 2.5 வினாடி விரைவு. முழு ஆற்றலுடன் தொடங்கிய பேனிஸ்டருக்கு அவ்வேகமே மெதுவானதாகத் தோன்றியிருந்தது. அவர் கேட்டபடி பிராஷர் மேலும் விரைந்திருந்தால் சாதனை நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

அன்றைய சுற்று நேரங்கள் பின்வருமாறு:

முதல் சுற்று – 57.5 வினாடி (மொத்தம் 0:57.5)
இரண்டாம் சுற்று – 60.7 வினாடி (மொத்தம் 1:58.2)
மூன்றாம் சுற்று – 62.3 வினாடி (மொத்தம் 3:00.5)
நான்காம் சுற்று – 58.9 வினாடி (மொத்தம் 3:59.4)

மிக மெதுவான சுற்று மூன்றாவது என்பதைக் காண்க. அச்சுற்றின் முடிவில் அவர் இலக்கைவிட அரை வினாடி பின்தங்கியிருந்தார். இறுதிச் சுற்றின் எதிர்ப்புற நேர்பகுதியில் சாட்டவேயை முந்திச் சென்று, 3:59.4 நேரத்தில் ஓட்டத்தை முடித்தார். 46 நாட்களுக்குப் பின், 1954 சூன் 21 அன்று பின்லாந்தின் துர்க்கு நகரில் ஆசுத்திரேலியாவின் ஜான் லாண்டி இச்சாதனையை முறியடித்தார்.

1976: ஒரே முதற்சுற்று, இரு முடிவுகள்

1976 மொன்றியால் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் இந்தியாவின் சிறீராம் சிங் முதற்சுற்றை முன்னணியில் ஓடி 50.85 வினாடியில் முடித்தார். கியூபாவின் அல்பெர்ட்டோ யுவாந்தொரேனா அவரை ஒட்டியே ஓடி, இரண்டாம் சுற்றில் முந்திச் சென்று, 1:43.50 என்னும் உலக சாதனை நேரத்தில் தங்கம் வென்றார். சிறீராம் சிங் 1:45.77 நேரத்தில் ஏழாம் இடத்தைப் பெற்றார். அவரது இரண்டாம் சுற்றின் நேரம் 54.92 வினாடி. அதாவது அவருடைய இரு சுற்றுகளுக்கும் இடையே 4 வினாடிக்கு மேற்பட்ட வேறுபாடு இருந்தது. யுவாந்தொரேனாவுக்கு அது 2 வினாடிக்கும் குறைவு.

பதக்கக் கண்ணோட்டத்தில் இது தோல்வி எனத் தோன்றலாம். ஆனால் நேரக் கண்ணோட்டத்தில் இவ்வோட்டம் வேறுவிதமாக மதிப்பிடப்பட வேண்டும். 1:45.77 என்பது சிறீராம் சிங்கின் வாழ்நாளின் சிறந்த நேரமாக அமைந்ததுடன், இந்திய தேசிய சாதனையாக 42 ஆண்டுகள் நிலைத்தது. 2018 சூனில் குவகாத்தியில் கேரளத்தைச் சேர்ந்த ஜின்சன் ஜான்சன் 1:45.65 நேரத்தில் ஓடி அதை முறியடித்தார்.

வேக முன்னோடிகளும் விதிகளும்

பேஸ்மேக்கர் எனப்படும் வேக முன்னோடி, ஒப்புக்கொண்ட வேகத்தில் முன்னணியில் ஓடி, குறிப்பிட்ட தொலைவுக்குப் பின் விலகிக்கொள்பவர் ஆவார். ஓட்ட வட்டாரங்களில் இவரை ‘முயல்’ என்றும் அழைப்பர். பின்தொடர்பவருக்கு இவரால் இரு பயன்கள் உண்டு: காற்றின் எதிர்ப்பு குறைகிறது, வேகத்தைக் கணிக்கும் பொறுப்பும் இன்னொருவருக்கு மாறுகிறது. மொரோக்கோவின் இசாம் எல் குரூச் 1998 சூலை 14 அன்று உரோமில் 1500 மீட்டரை 3:26.00 நேரத்தில் ஓடிய உலக சாதனையும் வேக முன்னோடிகளின் துணையுடன் நிகழ்ந்ததே. அதில் முன்னோடியாக ஓடிய கென்யாவின் நோவா ங்கெனி, 2000 சிட்னி ஒலிம்பிக் 1500 மீட்டர் இறுதிப் போட்டியில் எல் குரூச்சையே வென்று தங்கம் பெற்றார்.

வேக முன்னோடி அதே பந்தயத்தில் தொடக்கத்திலிருந்து பங்கேற்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. பந்தயத்தில் இல்லாதவரோ, ஒரு சுற்றுப் பின்தங்கியவரோ வேகம் காட்டுவது உதவியாகக் கருதப்பட்டுத் தடைசெய்யப்படுகிறது. 1953 சூனில் மோட்ஸ்பர் பூங்காவில் பேனிஸ்டர் 4:02.0 நேரத்தில் ஓடியபோது, பிராஷர் வேண்டுமென்றே மெதுவாக ஓடிப் பின்தங்கி, பேனிஸ்டர் தம்மை எட்டியபின் இறுதிப் பகுதியில் அவருக்கு வேகம் காட்டினார். இதனால் அந்நேரம் பிரித்தானிய சாதனையாக ஏற்கப்படவில்லை. 2025 சூன் 26 அன்று பாரிசில் கென்யாவின் பெயித் கிப்யெகோன் நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் பெண்ணாக முயன்றபோது, ஆண்களும் பெண்களுமாக 13 முன்னோடிகள் அவரைச் சூழ்ந்து ஓடினர். அவர் 4:07க்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஓடினார். இது அவரே 2023இல் மொனாக்கோவில் ஏற்படுத்திய 4:07.64 என்னும் உலக சாதனையைவிட விரைவானது. எனினும் விதிகளுக்கு உட்படாததால் சாதனையாகப் பதிவாகவில்லை.

அண்மைக் காலத்தில் ஓடுகளத்தின் உள்விளிம்பில் பொருத்தப்பட்ட விளக்குகள், முன்கூட்டியே நிரலிடப்பட்ட வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்து வழிகாட்டுகின்றன. உகாண்டாவின் சோசுவா செப்டெகெய் 2020 ஆகத்து 14 அன்று மொனாக்கோவில் 5000 மீட்டர் உலக சாதனையை (12:35.36) ஏற்படுத்தியபோது இத்தகைய விளக்குகள் பயன்படுத்தப்பட்டன. இது உலகத் தடகள அமைப்பின் விதிகளால் அனுமதிக்கப்பட்டுள்ளது.

பதக்கப் பந்தயமும் நேரப் பந்தயமும்

ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் வெற்றியே நோக்கம்; நேரம் இரண்டாம் நிலையது. 2016 ரியோ ஒலிம்பிக் 1500 மீட்டர் இறுதிப் போட்டியில் முதற்சுற்று 66 வினாடிக்கு மேல் ஆனது. இறுதிச் சுற்றை ஏறத்தாழ 50.6 வினாடியில் ஓடிய அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் 3:50.00 நேரத்தில் வென்றார். 1932க்குப் பிந்தைய ஒலிம்பிக் போட்டிகளில் இதுவே மிக மெதுவான வெற்றி நேரம் ஆகும். சில வாரங்களில் அதே நகரில் நடைபெற்ற இணை ஒலிம்பிக்கில், பார்வைக் குறைபாடு உடையோருக்கான டி13 பிரிவின் 1500 மீட்டர் ஓட்டத்தில் முதல் நால்வரும் இதைவிட விரைவாக ஓடினர்.

2024 பாரிசு ஒலிம்பிக்கில் நிலைமை நேர்மாறாக இருந்தது. நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் தொடக்கம் முதலே மிக விரைவாக முன்னணியில் ஓடினார். இறுதி நேர்பகுதியில் மூவர் அவரைக் கடந்தனர். அமெரிக்காவின் கோல் ஹாக்கர் 3:27.65 என்னும் ஒலிம்பிக் சாதனை நேரத்தில் வென்றார். இங்கெப்ரிக்ட்சன் நான்காம் இடம் பெற்றார். முன்னணியில் ஓடுபவர் செலவிடும் ஆற்றலின் பயன் பின்தொடர்பவர்களுக்குச் சேர்கிறது என்பதற்கு இது சான்றாகும். நேர இலக்குடன் ஓடுபவர் பதக்கப் பந்தயத்தின் வேக மாற்றங்களைப் பின்பற்றாமல் தம் கணக்கின்படி ஓடுவதே பொருத்தமானது.

இலக்கைத் திட்டமிடல்

1500 மீட்டரில் 5:08 நேரத்தைத் தம் சிறந்த நேரமாகக் கொண்ட ஒருவர் 5 நிமிடத்துக்குள் ஓட விரும்புவதாகக் கொள்வோம். அவர் குறைக்க வேண்டியது 8 வினாடி. இது 100 மீட்டருக்கு அரை வினாடிக்குச் சற்றே மேல். பந்தயத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பின்வருமாறு திட்டமிடலாம்.

முதல் 300 மீட்டர்: 59 முதல் 60 வினாடி. மற்றவர்கள் விரைந்து முன்செல்வதைப் பொருட்படுத்தலாகாது. இங்கு 54 வினாடியில் ஓடுவது மிகப் பொதுவான தவறு.

300 முதல் 700 மீட்டர் வரை: 80 வினாடி. தளர்வான தோள்களுடன், இயன்றால் ஒருவருக்குப் பின்னால், உள்விளிம்பை ஒட்டி ஓட வேண்டும்.

700 முதல் 1100 மீட்டர் வரை: 80 வினாடி. இப்பகுதியிலேயே இலக்கு பெரும்பாலும் கைநழுவுகிறது. களைப்பு மிகுந்திருக்கும்; முடிவோ இன்னும் தொலைவில் இருக்கும். வேகத்தைக் கூட்டுவதாக எண்ணி ஓடினால்தான் பழைய வேகமே நிலைக்கும்.

இறுதி 400 மீட்டர்: 79 முதல் 80 வினாடி. முந்தைய பகுதிகள் சரியாக அமைந்திருந்தால் இறுதி 200 மீட்டரில் விரைவதற்குச் சிறிது ஆற்றல் எஞ்சியிருக்கும்.

வேக உணர்வைப் பயிற்சியால் வளர்த்துக்கொள்ள முடியும். 200 மீட்டரை இலக்கு வேகத்தில் (இவ்வெடுத்துக்காட்டில் 40 வினாடி) பலமுறை ஓடி, ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்க்கும் முன் நேரத்தை ஊகித்துச் சொல்வது எளிய பயிற்சி. ஊகத்துக்கும் உண்மைக்கும் இடையிலான வேறுபாடு ஒரு வினாடிக்குள் வரும்வரை இதைத் தொடரலாம். களைத்த நிலையிலும் இதே வேகத்தை அடையாளம் காணப் பழக, 400 மீட்டர் ஓட்டங்களைக் குறுகிய ஓய்வுடன் திரும்பத் திரும்ப ஓடலாம். பலத்த காற்றோ கடும் வெயிலோ உள்ள நாளில் அதே இலக்கை வற்புறுத்துவது பயன் தராது; மாலை அல்லது அதிகாலைப் பந்தயங்கள் நேர இலக்குக்கு ஏற்றவை.

முடிந்த ஒவ்வொரு பந்தயத்தின் சுற்று நேரங்களையும் எழுதி வைப்பது நல்லது. மொத்த நேரம் ஓட்டவீரரின் தகுதியைக் காட்டும். அந்நேரம் எந்தச் சுற்றில் இழக்கப்பட்டது என்பதைச் சுற்று நேரங்களே காட்டும். மூன்றாம் பகுதியில் தெரியும் இழப்புக்கான காரணம் பெரும்பாலும் முதற்பகுதியில் இருப்பதால், இரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

தடகள விளையாட்டு
800 மீட்டர் ஓட்டம்
1500 மீட்டர் ஓட்டம்
ராஜர் பேனிஸ்டர்
சிறீராம் சிங்